ஏழு கோழிகள், நான்கு பெட்டிகள்

கடை முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. நல்ல முட்டை அடியில் படுக்கும். பழையது நிமிர்ந்து நிற்கும். கெட்டது மிதக்கும். அறுபதுகளின் கடைசியில் நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம். கடைத்தெருவில் வாங்கி வந்த ஒரு டஜனில் நான்கு மிதந்தன. அடுத்த டஜனில் ஐந்து. கொண்டுபோய்க் காட்டினேன். வெயில் காலம் அப்படித்தான் சார் என்றார் கடைக்காரர். வெயிலா வந்து அவர் கடையில் இரண்டு வாரம் முட்டையைக் கூடையில் போட்டு வைத்தது?

முட்டை எனக்கில்லை. எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. மாலையானால் உடம்பு சுடும். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. குளிப்பாட்டும்போது விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், எண்ணியிருக்கிறேன். டாக்டர் பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளுக்கு வரும் காசநோய் என்றார். ஊசி போட்டார், மாத்திரை எழுதினார். மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதியைச் சாப்பாடு செய்ய வேண்டும், தினம் ஒரு முட்டை, அதுவும் புதிது என்று சொல்லி, மாதம் ஒருமுறை எடை பார்க்க வரச் சொன்னார். முதல்முறை தராசில் ஏறியபோது பதின்மூன்றரை கிலோ. அந்த எண்ணை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நினைவிருக்கிறது.

தினம் ஒரு புது முட்டை வேண்டுமானால் கோழி வளர்ப்பதுதான் வழி. என் மனைவி ராயபுரத்துக்காரி. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டால் கோழி தங்கிக்கொள்ளும் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெருச்சாளி பூனை அளவுக்கு இருக்கும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத் தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து இறங்கும் கரி, கொடியில் காயும் வேட்டியையே சாம்பல் நிறமாக்கிவிடும். குழந்தையின் முட்டையைக் கவிழ்த்துப் போட்ட கூடையை நம்பி விட முடியாது.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணுவது வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. இப்படியே எட்டு மணி நேரம். கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் ஒருவர் எண்ணுவார். கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துப் போனால்தான் கையெழுத்து. ஒத்துப் போகாவிட்டால் சண்டை. பத்தொன்பது வருடத்தில் என் தாள் தப்பாகப் போனது மூன்று முறை. மூன்றும் மழை நாள்.

துறைமுகத்தில் உடைந்த பெட்டிப் பலகைகளை ஏலம் விடுவார்கள். முறைப்படி எடுத்து, கேட் பாஸ் வாங்கி, கைவண்டியில் ஏற்றி வந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு உட்கார்ந்து கட்டினேன். நீளம் ஆறு அடி, அகலம் நான்கு, உயரம் மூன்றரை. தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி நான்கு கால். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்தினேன். கூரைக்குத் தகரம், சூடு தாக்காமல் அதன்மேல் கீற்று இரண்டு அடுக்கு. உட்கார மூங்கில், முனையெல்லாம் இழைத்தது. உள்ளே கடல் மணல், வாரம் ஒருமுறை மாற்றுவதற்கு. ஓரத்தில் ஒரு தட்டு நிறைய அடுப்புச் சாம்பல், கோழி புரண்டு பேன் உதிர்த்துக்கொள்ள. பின்சுவரை ஒட்டி முட்டையிட நான்கு பெட்டிகள். அவற்றில் ஒன்று முதல் நான்கு வரை பெயின்டால் எண் போட்டேன்.

கூட்டின் முன்பக்கம் முழுவதும் கம்பி வலை அடித்தேன். பெட்டிகளுக்கும் முன்னால் பலகை வைக்கவில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே எந்தப் பெட்டியில் எத்தனை முட்டை என்று தெரிய வேண்டும். கதவைத் திறக்க வேண்டாம், குனிய வேண்டாம். இதைவிட வசதியான கூடு திருவொற்றியூரில் இல்லை என்று நினைத்தேன்.

பக்கத்து வீடு மீன்பிடிக் குடும்பம். எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவே பனைமட்டை வேலி. அதில் கோழி நுழையும் இடைவெளிகள் ஐந்து. அந்த வீட்டம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நைலான் வலை வந்த புதிது. அவள் புருஷன் பழைய பருத்தி வலைகளை விற்கவும் மனமில்லாமல், வீசவும் மனமில்லாமல், கொல்லை மூலையில் ஒரு சாய்ப்புக்குக் கீழே இடுப்புயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார். நான் ஆணி அடிக்கும்போதெல்லாம் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நைலான் வலையைப் பின்னிக்கொண்டிருப்பார். மூன்றாவது ஞாயிறு வாயைத் திறந்தார்.

"இன்னா சாரு, கோயிக்கு பங்களாவா கட்ற? எங்களுக்கும் ஒரு ரூமு வுடேன்."

உள்ளேயிருந்து அவள் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றே மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: அந்த வீட்டிலிருந்து இனி உப்புக்கல்கூட வரக் கூடாது.

ஏழு பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கினேன். நாட்டுக்கோழி, எல்லாம் முட்டையிடும் பருவம். சாக்குத் தைக்கும் நூலில் சாயம் தோய்த்துக் காலுக்கு ஒரு நிறம் கட்டினேன். இடம் பழகட்டும் என்று முதல் வாரம் உள்ளேயே வைத்திருந்தேன். ஒன்பது முட்டை. ஏழு முழுசு, இரண்டு கோழிகளே கொத்தியது. மணலில் போட்டிருந்தனவே தவிரப் பெட்டியில் ஒன்றும் இல்லை. பழகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் பகலில் மேய விட்டேன். நான்கு. மூன்றாவது வாரம் ஒன்று. நான்காவது வாரம் பூஜ்யம்.

பூஜ்யம் எழுதுவது என் கைக்குப் பழக்கமில்லை. தவிடு மாற்றினேன். கிளிஞ்சல் இடித்துப் போட்டேன். சுண்ணாம்புக் கட்டியை முட்டை வடிவில் செதுக்கி இரண்டாம் எண் பெட்டியில் வைத்தேன். ஒரு கோழி வந்து அதைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு போய்விட்டது. மறுபடியும் கடை முட்டை, மறுபடியும் தண்ணீர்ப் பாத்திரம். அந்த மாதம் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்திருக்காது. இரண்டாவது எடை, கூடு கட்டிக்கொண்டிருந்த மாதம், அதே பதின்மூன்றரை. மூன்றாவது எடைக்குப் போனபோது தராசைப் பார்க்கவே பயந்தேன். பதினான்கு கிலோ இருநூறு. எழுநூறு கிராம் கூடியிருந்தது. முட்டை இல்லாமல் எப்படிக் கூடும்? ஊசி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

எனக்குக் காலை ஷிப்டு. ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்தால் திரும்பி வர மூன்று மணியாகும். ஒரு நாள் கப்பல் வரவில்லை என்று ஒன்பதரைக்கே அனுப்பிவிட்டார்கள். பத்தரைக்கு வீட்டுக் கொல்லையில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது. முட்டை போட்ட கொக்கரிப்பு. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது இடைவெளி வழியாக சிவப்பு நூல் கட்டிய என் கோழி, ஏதோ சாதித்த மாதிரி நடந்து வந்தது. மட்டைச் சந்து வழியாகப் பார்த்தேன். வலைக்குவியல் மேலே கையை விட்டு அந்தம்மா முட்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முட்டை.

அன்று நான் பேசவில்லை. கோபம் வந்தால் உடனே கத்துகிறவன் இல்லை நான். சேர்த்து வைப்பேன். மறுநாள் விடியற்காலை தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், பதினான்கு குடம் வரிசையில் இருந்தது, அவள் குடம் ஆறாவது. எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். ஏழு கோழிக்கு ஒரு மாதம் நான் தீனி போட்டிருக்கிறேன், நோயாளிக் குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கித் தின்றிருக்கிறாய், இது திருட்டு என்றேன். திருட்டு என்ற வார்த்தையை இரண்டு முறை சொன்னேன்.

அவள் சண்டைக்காரி என்று பெயர் எடுத்தவள். மீன் மார்க்கெட்டில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. திருப்பி ஒரு பாட்டம் கிடைக்கும் என்று நான் தயாராக இருந்தேன். அவள் பாதி நிறைந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உன் வூட்டுக்காரிய கேளு சாரு" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

நான் அன்று ரயிலை விட்டேன். பத்தொன்பது வருடத்தில் தாமதமாகப் போனது அது இரண்டாவது முறை. மனைவி அடுப்படியில் இருந்தாள். குழாயடியில் நான் பேசியது அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. நடந்ததை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். மேய விட்ட மறுநாளே கோழிகள் வலைக்குவியலைக் கண்டுபிடித்துவிட்டன. முதல் முட்டையை எடுத்துக்கொண்டு அந்தம்மா வேலியோரம் வந்து, உங்க கோழி எங்க வலைமேல போட்டுகீது என்று கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல், நான் ரயிலேறிய பிறகு, மார்க்கெட்டுக்குப் போகும் முன்போ வந்த பின்போ கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தை தினமும் பதினொரு மணிக்குப் புது முட்டை சாப்பிட்டது. நான் வாங்கி வந்த கடை முட்டைகளை மனைவி எனக்கே வறுத்து வைத்தாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா? வேலிய அடைப்பீங்க, கோயியப் பூட்டுவீங்க, கூட்டப் பிரிச்சி திரும்பக் கட்டுவீங்க. அதுக்குள்ள புள்ள ஒரு மாசம் முட்ட இல்லாம கெடக்கும். உங்களுக்குக் கூடு முக்கியம். எனக்கு முட்ட முக்கியம்."

மொத்தம் எத்தனை என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு, எண்ணவில்லை என்றாள். எண்ணவில்லை! கப்பல் தரப்பும் கரைத் தரப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம். நான் ஒரு தாளில் பூஜ்யம் பூஜ்யமாக எழுதி நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்னொரு தாள் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளோ தாளே வைத்திருக்கவில்லை. எனக்கு யார்மேல் கோபம் அதிகம் என்று தெரியாமல் வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தால் வேலியின் ஐந்து இடைவெளிகளிலும் முள் செருகியிருந்தது. வலைக்குவியலும் சாய்ப்பில் இல்லை. அந்தம்மா புருஷனை வைத்து அள்ளி வீட்டுக்குள் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்துதான் உண்மையான பூஜ்யம் ஆரம்பித்தது. கோழிகள் தெருப்பக்கம் போய்க் கருவேலம் புதரில் போட்டன. அவற்றைக் காக்கைகள் முந்திக்கொண்டன. கூட்டிலேயே பூட்டி வைத்தேன். மூன்று நாளில் ஒரு முட்டை. அதையும் கோழிகள் உடைத்து மணலோடு தின்றன. அடுத்த எடைக்குப் பதினொரு நாள் இருந்தது. பதினொரு மணியானால் குழந்தை தட்டை எடுத்துக்கொண்டு கொல்லை வாசலில் உட்காருகிறது என்று மனைவி சொன்னாள். அந்த வாரம் அவள் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். மறுபடி சாயங்காலக் காய்ச்சல் எட்டிப் பார்த்தது. நூறு. நூறு புள்ளி நான்கு. நூறு.

முள் செருகிய ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். புருஷன்தான் இருந்தார். அது மார்க்கெட்டுல கீது, வரட்டும் என்று மனையை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நாற்பது நிமிடம் நின்றேன். அவள் கூடையோடு வந்தாள். தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவள் கூடையை இறக்கக்கூட இல்லை.

"திருடின்னு எங்க சொன்ன? கொயாயாண்ட சொன்ன. பதினாலு கொடம் கேட்டுச்சு. இல்லன்னும் அங்கயே வந்து சொல்லு. இங்க இன்னாத்துக்கு, என் வூட்டுச் செவுரா உன்ன கேட்டுச்சு?"

பள்ளிக்கூடப் படிப்பு படித்தவன், துறைமுகத்தில் கப்பல் அதிகாரிகளோடு இங்கிலீஷில் வாதாடுகிறவன், குடங்களுக்கு முன்னால் போய் நின்று பேச வேண்டுமாம். போக மாட்டேன் என்று முடிவு செய்தேன். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டினேன். விலா எலும்புகளை எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது.

மறுநாள் குழாயடிக்குப் போனேன். அன்று பதினாறு குடம். துறைமுகத்தில் தாள் தப்பாகப் போனால் சரியான எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், மன்னிப்பு அதிலேயே அடங்கிவிடும். இங்கே சொல்ல என்னிடம் எண் இல்லை. "இந்த அம்மா திருடவில்லை" என்றேன். "என் கோழி போட்ட முட்டையை எல்லாம் என் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது தப்பு." குரல் எனக்கே கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் இருந்த ஒருத்தி இன்னா சொல்றாரு, இன்னா சொல்றாரு என்று கேட்டாள். இரண்டாவது முறையும் சொன்னேன். திருட்டு என்று இரண்டு முறை சொல்லியிருந்ததால் கணக்கு நேராகிவிட்டது.

பக்கத்து வீட்டம்மா குடத்தை நிரப்பினாள். நிரம்பி வழியும்வரை வேண்டுமென்றே என்னைக் காக்க வைத்தாள். பிறகு குடத்தோடு நேராக எங்கள் கொல்லைக்கு நடந்தாள். பின்னால் நான். எங்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க நான்கு பேர். கூட்டின் முன்னால் நின்று மேலிருந்து கீழே பார்த்தாள். கம்பி வலையை விரலால் தட்டினாள்.

"எல்லாம் தெறந்து வச்சிகினுகீற. எதுக்கு?"

எண்ணுவதற்கு வசதியாக என்றேன்.

"நீ காலம்பற போய்க் குந்தச்சொல்ல எதிர்ல ஒர்த்தன் நோட்டு பென்சில் வச்சிகினு எண்ணினு இருந்தா உனுக்கு வருமா சாரு?"

அந்த நான்கு பேரும் சிரித்த சிரிப்பு தண்டவாளம் வரைக்கும் கேட்டிருக்கும். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஆனால் அந்தம்மா சொன்னது சரி. மூன்று ஞாயிற்றுக்கிழமை, அரைக்கால் அங்குலம் பிசகாமல், நான் எனக்கு வசதியாக ஒரு கூடு கட்டியிருக்கிறேன். கோழியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முட்டைப் பெட்டிகளின் முன்னால் சாக்கைத் தொங்கவிடச் சொன்னாள். கூட்டின் முன்பக்கக் கம்பி வலையில் பாதியைப் பலகையால் மூடச் சொன்னாள். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும், யாருக்கும் தெரியாது என்று கோழி நினைக்க வேண்டும். மூடிவிட்டால் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். கைய வுட்டுப் பாரு என்றாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பழைய பருத்தி வலையிலிருந்து ஒரு பாகம் அறுத்துக்கொண்டு வந்து, நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு பெட்டியிலும் சுருட்டி நடுவில் குழியாக அழுத்தி வைத்தாள். கடலில் பதினைந்து வருடம் கிடந்த வலை, மீன் வாடை போகவில்லை. கோழிக்கு அந்த வாடைதான் பழக்கம் என்றாள். பெட்டிகளின் எண்கள் சாக்குக்குப் பின்னால் மறைந்துபோயின.

முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மூன்றாவது பெட்டிக்குள் கையை விட்டேன். உள்ளே பச்சை நூல் கோழி இருந்தது. மணிக்கட்டில் கொத்தியது, இரத்தம் வந்தது. கோழிக்கு அடியில் சூடாக ஒன்று. அதை எடுக்காமல் வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் போய் எடுத்தாள், அவளைக் கொத்தவில்லை.

அன்று எனக்கு வார விடுமுறை. குழந்தை முட்டை சாப்பிடுவதை முதல்முறையாக நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளையை முதலில் தின்றாள். மஞ்சளை உடைத்து விரலால் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"ஆயா வூட்டு முட்டதான்பா நல்லா இருந்திச்சு" என்றாள். பக்கத்து வீட்டம்மாவைத்தான் ஆயா என்கிறாள்.

அதே கோழி என்று விளக்கினேன். அதே தீனி, அதே வலை, வேலிக்கு இந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, இல்லை, அது வேற என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. அடுத்த எடை, பதினான்கு கிலோ நானூறு. அந்தக் கஷ்டமான பதினைந்து நாளையும் தாண்டி இருநூறு கிராம் கூடியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி பக்கத்து வீட்டுக்குத்தான் முதலில் போய்ச் சொன்னாள். வேலியில் முள் எடுத்து, ஆள் நுழைய அகலமாக்கியிருந்த மூன்றாவது இடைவெளி வழியாகவே போனாள். கூப்பிட்டால் நானும் போயிருப்பேன். யாரும் கூப்பிடவில்லை.